ஒரு விளக்கு மட்டும் மினுக்கினால்

பிரிக்ஃபீல்ட்ஸில், துன் சம்பந்தன் சாலைக்குப் பின்னால் ஒரு போட்டோ ஸ்டூடியோ. தைப்பூசத்துக்கு முந்தைய வாரம். பத்துமலைப் படங்கள் குவியும் முன் இடம் காலியாக்க, பழைய கல்யாண ஆல்பங்களை வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிக்கொண்டிருந்தார் கடைக்கார அக்கா. என்னைப் பார்த்ததும் முதல் கேள்வியே சண்டைதான்.

"தம்பி, ரெண்டு டிஸ்க்குக்கும் காசு வாங்கினீங்க. ஒண்ணுதான் வேலை செய்யுது, பாருங்க."

கல்லாவுக்குக் கீழே, படங்களைச் சேமிக்க நான் மாட்டிக்கொடுத்த இரட்டை டிஸ்க் பெட்டியில் ஒரு பச்சை விளக்கு துடித்துக்கொண்டிருந்தது. பக்கத்து விளக்கு இருட்டாகக் கிடந்தது.

பெட்டி பழுதில்லை. அது பிடிஆர்எஃப்எஸ் என்ற லினக்ஸ் கோப்பு முறையின் மிரர்: ஒரே படத்துக்கு இரண்டு டிஸ்க்கிலும் ஒவ்வொரு பிரதி. எழுதும்போது இரண்டு டிஸ்க்கிலும் எழுதியாக வேண்டும். படிக்கும்போது ஒன்று போதும். எந்த ஒன்று? இங்கே கணக்கு மிக எளிது: படிக்கக் கேட்கும் புரோகிராமுக்கு லினக்ஸ் கொடுத்த எண்ணை டிஸ்க் எண்ணிக்கையால் வகுத்து மீதியைப் பார்க்கும். இரண்டு டிஸ்க் என்றால் ஒற்றைப்படை ஒரு பக்கம், இரட்டைப்படை மறு பக்கம். ஆல்பங்களை நகலெடுத்தது ஒரே புரோகிராம். அதனால் முடியும்வரை ஒரே டிஸ்க். லினக்ஸின் பழைய மிரர் முறையான எம்டி ரெய்டு அப்படிச் செய்யாது. எந்த டிஸ்க்கின் படிக்கும் தலை அருகில் நிற்கிறது என்று பார்க்கும். இசட்எஃப்எஸ் என்ற இன்னொரு கோப்பு முறை, எந்த டிஸ்க்கில் காத்திருக்கும் வேலைகளின் வரிசை குறைவு என்றும் பார்க்கும்.

லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் புதிய பதிப்புகளில் பிடிஆர்எஃப்எஸ்ஸுக்கும் வேறு வழிகள் வந்திருக்கின்றன. டிஸ்க்குகளை முறைவைத்து மாற்றி மாற்றிப் படிக்கலாம்; "இதிலிருந்து மட்டும் படி" என்று ஒரு டிஸ்க்கைக் குறிப்பிடலாம். ஆனால் அது இன்னும் சோதனை நிலை. அந்த வசதியைச் சேர்த்துக் கட்டிய கர்னல் வேண்டும். என் வீட்டு மெஷினில் விளையாடுவேன். ஊரார் கல்யாணப் படம் இருக்கும் பெட்டியில் மாட்டேன்.

அப்படி மாற்றினாலும் அக்காவுக்கு லாபமில்லை. இரண்டும் மாறி மாறிப் படிக்க, சுழலும் டிஸ்க் நடுவில் ஒரு துண்டை விட்டுவிட்டுப் படித்தாலும், அந்தத் துண்டு தலைக்குக் கீழே கடந்துபோகும் நேரம் மிச்சமாகாது. ஒரே பெரிய கோப்பு இரண்டு மடங்கு வேகத்தில் வரும் என்பது வெறும் ஆசை. அதோடு, எழுதப்படுவது ஒரே வெளி டிஸ்க். அதன் வேகம்தான் எல்லை. கிகாபிட் கேபிளில் உட்கார்ந்து படம் திருத்தும் பையனுக்கும் நொடிக்கு 125 மெகாபைட்டுக்கு மேல் வராது. அதை ஒரு நல்ல ஹார்ட் டிஸ்க்கே கொடுத்துவிடும். நாலு பேர் ஒரே நேரத்தில் சின்னச் சின்னக் கோப்புகளைத் திறந்தால்தான் இரண்டாவது தலை உதவும்.

ஒரு இடத்தில் மட்டும் அமைப்பை மாற்றச் சொல்வேன். ஒரு டிஸ்க் செத்து, லோ யாட் கணினிக் கடைவளாகத்தில் கையில் கிடைத்த எஸ்எஸ்டியை (சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்) மாட்டி, மிரரில் ஒன்று எஸ்எஸ்டி, ஒன்று ஹார்ட் டிஸ்க் என்று ஆகிவிட்டால், ஹார்ட் டிஸ்க்கைப் படிப்பிலிருந்து ஒதுக்கலாம். எம்டியில் அதற்கு ரைட்-மோஸ்ட்லி (பெரும்பாலும் எழுத மட்டும்) என்ற குறி பல வருடமாக இருக்கிறது. படிப்பது பறக்கும், எழுதுவது மட்டும் மெதுவான டிஸ்க்கின் வேகத்துக்கே இறங்கும்.

ஆனால் அப்படி ஒதுக்கிய டிஸ்க்கை யாருமே படிப்பதில்லை. டிஸ்க்கில் ஒரு சிறு துண்டு, அதாவது செக்டர், கெட்டுப்போனால் படித்தால்தான் தெரியும். முதல் டிஸ்க் போகிற அன்றைக்குத்தான் இரண்டாவதைத் திறந்து பார்க்கிறோம் என்றால், அந்தப் பிரதியை நம்பி இத்தனை நாள் தூங்கியதற்கு என்ன அர்த்தம்? இதற்குத்தான் பிடிஆர்எஃப்எஸ்ஸில் ஸ்கிரப்: எல்லாப் பிரதிகளையும் படித்து, எழுதும்போது குறித்துவைத்த சரிபார்ப்பு எண்ணான செக்சம் ஒத்துவராத இடத்தில் நல்ல பிரதியை எடுத்து எழுதிவிடும். எம்டியும் ஒப்பிட்டுப் பார்க்கும். ஆனால் இரண்டும் வேறுபட்டால் எது சரி என்று அதற்குத் தெரியாது, செக்சம் இல்லையே.

அக்கா பெட்டியில் மாதம் ஒருமுறை ஸ்கிரப் ஓட நானே ஏற்பாடு செய்திருந்தேன், ஞாயிறு அதிகாலை 2 மணிக்கு. கடைசியாக எப்போது ஓடியது என்று பார்த்தேன். பெட்டியை மாட்டிய நாளில் நான் கையால் ஓட்டியது மட்டும்தான் இருந்தது.

"ராத்திரியா? ராத்திரி மெயின் சுவிட்சை அடைச்சிட்டுதானே போவோம், தம்பி. இடி மின்னல் ஊரு."

வாயை மூடிக்கொண்டு ஸ்கிரப்பைத் தொடங்கினேன். இரண்டு விளக்கும் துடித்தன. அக்காவுக்கு அப்போதுதான் முகம் மலர்ந்தது. மறுநாள் போய்ப் பார்த்தால், திருத்தப்பட்டவை என்ற வரியில் பூஜ்யம் இல்லை. எல்லாமே இருட்டாகக் கிடந்த அந்த டிஸ்க்கில். திருத்த முடியாதவை பூஜ்யம், நல்லவேளை.

இப்போது மாதத்தின் முதல் திங்கள், கடை திறந்ததும் ஸ்கிரப் ஓடுகிறது. அடைக்கும் நேரத்துக்குள் முடியாவிட்டால் நிறுத்தி, மறுநாள் காலை விட்ட இடத்திலிருந்து தொடரும். புது டிஸ்க்குக்குச் சொல்லியிருக்கிறேன். அதன் காசைப் பற்றி அக்கா இன்னும் பேசவில்லை.