நிழல் விழாத விளக்கு

விளக்கடியில் இருட்டு என்போம். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாரிஸ் வீடுகளில் எரிந்த விளக்குகளில் இருட்டு பக்கவாட்டில் விழுந்தது. சுடருக்கு அருகிலேயே எண்ணெய்த் தொட்டி துருத்திக்கொண்டு நின்றதுதான் காரணம்.

அந்த விளக்கை 1780களின் தொடக்கத்தில் உருவாக்கியவர் ஜெனீவாக்காரரான அமி ஆர்கண்ட். திரியை அவர் குழாயாக்கினார். உள்ளேயும் வெளியேயும் காற்றுப் பட்டதால் புகை குறைந்தது. மேலே வைத்த கண்ணாடிச் சிம்னிக்குள் சூடான காற்று எழும்ப, கீழிருந்து புதுக் காற்று விறுவிறுவென ஏறியது. சூடு கூடிய சுடரில் கரித்துகள்கள் இன்னும் வெண்மையாக ஒளிர்ந்தன. ஆறு அல்லது எட்டு மெழுகுவர்த்திகளின் வெளிச்சம் என்று 1784இல் பாரிஸிலிருந்து வியந்து எழுதினார் பின்னாளில் அமெரிக்க அதிபரான தாமஸ் ஜெஃபர்சன். ஆனால் கேங்கே என்ற பாரிஸ் மருந்துக்கடைக்காரர் அதே மாதிரி விளக்கை விற்க, பிரான்சில் விளக்குக்கே 'கேங்கே' என்று பெயர் நிலைத்துவிட்டது. ஆர்கண்டுக்கு வயிற்றெரிச்சல் மிச்சம்.

சரி, தொட்டியைக் கீழே வைத்தால் என்ன? கடுகினத்துச் செடியிலிருந்து எடுத்த கோல்சா எண்ணெய் கெட்டியானது. திரியால் அதைச் சில விரற்கடைக்கு மேல் உறிஞ்ச முடியாது.

1800இல் கார்செல் என்ற கடிகாரக்காரர் விளக்கின் அடியில் கடிகாரப் பொறியை வைத்து எண்ணெயை மேலே இறைத்தார். தேவைக்கு மேலேயே இறைத்தார். வழிந்த எண்ணெய் திரி முனையைக் குளிர்வித்ததால் அது கருகவில்லை. நிழல் போனது. விலைதான் பணக்காரருக்கே கட்டும்.

எனக்குப் பிடித்தது அடுத்து வந்ததுதான். 1830களில் ஃப்ரான்ஷோ என்ற பிரெஞ்சுக்காரர் அந்தக் கடிகாரப் பொறியை எடுத்துவிட்டு வெறும் சுருள்வில்லைப் போட்டார். வில் அழுத்த, பிஸ்டன் எண்ணெயைக் குழாய் வழியே மேலே தள்ளும். முறுக்கிய புதிதில் வில்லின் வேகம் அதிகம், போகப் போகத் தளரும். அதற்கு ஒரு மெல்லிய கம்பி போதுமாக இருந்தது. தொடக்கத்தில் அது குழாய்க்குள் ஆழமாக நின்று வழியைக் குறுக்கும். பிஸ்டன் இறங்க இறங்க விலகி வழிவிடும். எண்ணெய் கடைசிவரை ஒரே சீராக ஏறும்.

1860களில் மண்ணெண்ணெய் வந்தது. நீர்த்த எண்ணெய், திரியே உறிஞ்சிக்கொள்ளும். மறைக்கப் பொறி ஏதும் இல்லாததால் விளக்கின் வயிறே கண்ணாடியானது. பழைய சுருள்வில் விளக்குகள் பலவற்றின் குடலை உருவிவிட்டு மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள்.

கார்செல் விளக்கு மட்டும் சோதனைச்சாலையில் தங்கியது. மணிக்கு 42 கிராம் எண்ணெயை எரிக்கும் அதன் ஒளியை ஓர் அலகாக வைத்து, எரிவாயு விளக்குகளை பிரெஞ்சுக்காரர்கள் அளந்தார்கள்.