எடுக்க முடியாத சேமிப்புக்கு எவ்வளவு வட்டி கிடைத்து என்ன?

அண்மையில் போயா தினம் ஒரு வெள்ளிக்கிழமையில் வந்தது. அதற்கடுத்த திங்கட்கிழமை காலை, நான் வேலை செய்யும் வங்கிக் கிளையின் கதவு திறந்த சில நிமிடங்களிலேயே, கொக்கட்டிச்சோலைப் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் மண்முனைப் பாலம் கடந்து வந்த ஓர் அம்மா என் மேசைக்கு முன் வந்து அமர்ந்தார். பெரும்போக அறுவடைக் காசும் கட்டாரிலிருக்கும் மகன் அனுப்பியதுமாக நான்கு இலட்சம் ரூபா, அவருடைய அண்ணன் மகன் கைப்பேசியில் திறந்து கொடுத்த ஒன்லைன் சேமிப்புக் கணக்கில் கிடந்தது. வெள்ளிக்கிழமை இரவு கணவரை அவசரமாகக் கண்டிக்குக் கொண்டுசெல்ல வேண்டி வந்தபோது, அதில் ஒரு ரூபாவைக்கூட அவரால் எடுக்க முடியவில்லை. காசை அனுப்பும் ஒவ்வொரு முறையும் குறுஞ்செய்தியில் வரும் இரகசிய இலக்கம் அண்ணன் மகனின் கைப்பேசிக்கே போனது. அந்தப் பிள்ளையோ இரண்டு மாதங்களுக்கு முன்பே துபாய்க்குப் போய்விட்டது. உதவி இலக்கத்துக்கு அழைத்தபோது, தமிழ் பேசும் அலுவலர் திங்கட்கிழமைதான் வருவார் என்றார்கள். சனிக்கிழமை காலை தாலிக்கொடியை ஒன்றரை இலட்சத்துக்கு அடகு வைத்துத்தான் கணவரை அனுப்பினார்.

"என்ட காசு மனே, எனக்கு எடுக்க ஏலாதா?" என்று அவர் கேட்டார். அது எங்கள் வங்கியின் கணக்கல்ல; என்னால் செய்யக்கூடியது எதுவும் இருக்கவில்லை. இந்த வருடத்தில் இதே போன்ற கதையோடு என்னிடம் வந்தவர்களில் இவர் நான்காமவர் என்பதாலேயே இதை எழுதுகிறேன்.

அந்தக் கணக்கை ஏன் தெரிவு செய்தீர்கள் என்று நால்வரிடமும் கேட்டேன். நால்வரும் சொன்ன பதில் ஒன்றுதான்: அங்கே வட்டி நூற்றுக்கு இரண்டு கூட. 22 வருடங்களாக வங்கிக் கிளைகளில் வேலை செய்யும் எனக்கு, இந்தப் பதிலைப் போல ஆற்றாமை தருவது வேறொன்றுமில்லை. அந்த அம்மாவின் கணக்கையே போட்டுப் பார்ப்போம். நான்கு இலட்சத்துக்கு நூற்றுக்கு இரண்டு என்றால் வருடத்துக்கு 8,000 ரூபா. வட்டியில் பிடிக்கப்படும் 10 சதவீத வரி போக 7,200 ரூபா. மாதத்துக்கு 600 ரூபா. தாலிக்கொடியை அடகு வைத்த இடத்தில் அவரிடம் வாங்குவது வருடத்துக்கு நூற்றுக்கு 18. ஒன்றரை இலட்சத்துக்கு மாதம் 2,250 ரூபா. ஒரு மாத அடகு வட்டி, ஏறக்குறைய நான்கு மாதங்கள் காத்திருந்து பெறக்கூடிய மேலதிக வட்டியை விழுங்கிவிடுகிறது. அவசரத் தேவைக்கென்று வைக்கும் காசின் வேலை வட்டி உழைப்பதல்ல, கேட்ட நேரத்தில் கைக்கு வருவது. அந்த வேலையைச் செய்யாத கணக்கு, நூற்றுக்கு இரண்டல்ல, நான்கு கூடத் தந்தாலும் அவசரக் காசுக்குப் பொருந்தாது.

வட்டி வீதத்தின் மீது நம் மக்களுக்கு இவ்வளவு மோகம் ஏற்பட்டதற்கு 2022ஆம் ஆண்டும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அந்த ஏப்ரலில் மத்திய வங்கி, மற்ற வங்கிகளின் வட்டிக்கு வழிகாட்டும் தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது; அதன் பின் நிலையான வைப்புகளுக்கு நூற்றுக்கு 20க்கும் மேல் கிடைத்தது. அந்த இலக்கம் மனத்தில் தங்கிவிட்டது. அதே ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் ஏறக்குறைய 70 சதவீதமாக இருந்ததும், அந்த வட்டியை வாங்கியவரும் உண்மையில் நட்டப்பட்டவரே என்பதும் மறந்துவிட்டன. 2025 மே மாதத்தில், ஓரிரவு கொள்கை வீதம் எனப்படும் மத்திய வங்கியின் கொள்கை வட்டி வீதம் 7.75 சதவீதத்துக்கு இறங்கியது. கொள்கை வீதம் இந்த அளவுக்கு இறங்கிய பிறகும், நினைத்தபோது எடுக்கக்கூடிய சேமிப்புக்குப் பழைய வட்டியைத் தருகிறோம் என்று எவராவது சொன்னால், கணக்கைத் திறப்பதற்கு முன் அந்த நிறுவனத்துக்கு உரிமம் உண்டா என்று மத்திய வங்கியின் இணையத்தளத்தில் தேடிப் பாருங்கள்.

"எப்போதும் எடுக்கலாம்" என்ற விளம்பர வாசகத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். நாளொன்றுக்கு எவ்வளவு அனுப்பலாம் என்பதற்கு எல்லை உண்டு; சில கணக்குகளில் அது 50,000 ரூபாவாகவே தொடங்குகிறது, அதை உயர்த்தக் கிளைக்கு நேரில் வரச் சொல்வார்கள், அந்தக் கிளை கொழும்பில் இருக்கும். வேறு வங்கிக்கு அனுப்பும் பணம் உடனடிப் பரிமாற்ற முறையில் போகிறதா அல்லது வேலை நாளில் மட்டும் போகிறதா என்பதைக் கேட்க வேண்டும். ஏ.ரி.எம். அட்டை தருகிறார்களா என்பதையும் கேட்க வேண்டும். வாகரையிலோ திருக்கோவிலிலோ பொத்துவிலிலோ இருப்பவருக்கு இது சின்ன விடயமல்ல. சொல்வதை நம்புவதை விடச் சோதித்துப் பார்ப்பதே நல்லது. 5,000 ரூபாவை மட்டும் போட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு பத்து மணிக்கு அதை உங்கள் வழக்கமான வங்கிக் கணக்குக்கு அனுப்பிப் பாருங்கள். போய்ச் சேர்ந்தால் மிகுதியைப் போடுங்கள். எங்கள் தொழிலில் இருக்கும் இளையவர்களிடம் ஒரு வேண்டுகோள்: மாத இலக்கை எட்டுவதற்காகக் கணக்குத் திறந்து கொடுக்கும்போது, இந்த எல்லைகளை வாடிக்கையாளருக்குத் தமிழில் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

தயவுசெய்து உங்கள் கணக்குக்கு உங்கள் பெயரில் பதிந்த, உங்கள் கையிலிருக்கும் இலக்கத்தையே கொடுங்கள். பிள்ளையின் இலக்கம், பக்கத்து வீட்டுத் தம்பியின் இலக்கம், கடைக்காரரின் இலக்கம் எதுவும் வேண்டாம். வெளிநாட்டுக்குப் போகும் பிள்ளைகள் பெற்றோரின் கணக்கில் தங்கள் இலக்கம் இருந்தால், விமானம் ஏறுவதற்கு முன் மாற்றிவிட்டுப் போக வேண்டும். இரகசிய இலக்கத்தை எவருக்கும் சொல்லக் கூடாது. வங்கியிலிருந்து பேசுகிறோம் என்பவருக்கும், நான் கேட்டாலும் சொல்லக் கூடாது. கணக்குத் திறக்கும் அன்றே பின்னுரித்தாளரின், அதாவது உங்களுக்குப் பின் காசைப் பெற வேண்டியவரின், பெயரைப் பதியுங்கள்.

பாதுகாப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மத்திய வங்கியின் உரிமம் பெற்ற வங்கிகளிலும் நிதிக் கம்பனிகளிலும் உள்ள வைப்புகளுக்கு இலங்கை வைப்புக் காப்புறுதித் திட்டம் உண்டு; ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் ரூபா வரை. ஒரே நிறுவனத்தில் மூன்று கணக்கு வைத்திருந்தாலும் எல்லாம் சேர்த்து 11 இலட்சம்தான். 2008இல் கோல்டன் கீ நிறுவனம் சரிந்தபோது, வைப்பு ஏற்க மத்திய வங்கியின் உரிமமில்லாத இடத்தில் காசைப் போட்டவர்கள் எவ்வளவு அலைந்தார்கள் என்பது பலருக்கு நினைவிருக்கும். சந்தேகமோ முறைப்பாடோ இருந்தால் மத்திய வங்கியின் 1935 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம்.

வட்டியையும் பார்க்கத்தான் வேண்டும், ஆனால் சரியாகப் பார்க்க வேண்டும். பெரிய எழுத்தில் போட்ட வீதம் பெரும்பாலும் உயர்ந்த மீதிக்கு மட்டுமோ, முதல் சில மாதங்களுக்கு மட்டுமோ உரியது. உங்கள் தொகைக்கு எந்த வீதம் என்று எழுத்தில் கேளுங்கள். வருட வருமானம் 18 இலட்சத்துக்கு மேற்படாதவர்கள் சுயபிரகடனப் படிவத்தைக் கொடுத்தால் அந்த 10 சதவீத வரி பிடிக்கப்படாது. வாவிக்கு அப்பாலுள்ள படுவான்கரையிலிருந்து வரும் முதியவர்களில் பெரும்பாலானோர் இதற்குத் தகுதியுடையவர்கள், ஆனாலும் படிவத்தைக் கேட்பவர் மிகச் சிலரே. காத்தான்குடியிலும் கல்முனையிலும் வட்டி வேண்டாம் என்று, இலாபத்தில் பங்கு தரும் முளாரபா எனும் இஸ்லாமிய முறைச் சேமிப்பைத் தெரிவு செய்வோர், அங்கே சொல்லப்படுவது முன்னைய மாதங்களின் இலாபப் பங்கே தவிர வாக்குறுதியல்ல என்பதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

அந்த அம்மாவின் கணக்கில் இலக்கத்தை மாற்ற ஒன்பது நாட்கள் சென்றன. அதன் பிறகும் நாளொன்றுக்கு 50,000 ரூபா என்ற எல்லை இருந்ததால், அடகை மீட்கத் தேவையான காசை மூன்று நாட்களாகப் பிரித்து அனுப்பிக்கொண்டார். இப்போது இரண்டு இலட்சத்தை அவருடைய ஊருக்குப் பக்கத்துக் கிளையில் ஏ.ரி.எம். அட்டையோடு கூடிய சாதாரண சேமிப்பில் வைத்திருக்கிறார். அங்கே வட்டி குறைவு. அட்டையை எப்படிப் போடுவது என்று பேத்திக்கும் காட்டிக் கொடுத்திருக்கிறார்.