கார்த்திகையில் இறுகும் கதவு: மரத்தில் ஓர் அஞ்சல் பெட்டி

வாசல் தூணில் மாட்டிய தேக்கு அஞ்சல் பெட்டியின் கதவு சித்திரையில் லொடலொடவென்று ஆடும். கார்த்திகை மழையில் இழுத்தாலும் திறக்காது. கீல்மேல் பழி போட்டுப் பயனில்லை. மரம் என்பது நெருக்கிக் கட்டிய வைக்கோல் கற்றை மாதிரி. காற்றிலுள்ள ஈரம் ஒவ்வொரு குழாயின் சுவருக்குள்ளும் புகுந்தால் குழாய் பருக்கும், நீளாது. ஆகவே பலகை நார் ஓடும் திசையில் அசைவது அற்பம், குறுக்கேதான் விரியும். தேக்கு இந்த விஷயத்தில் மற்ற பல மரங்களைவிட அடக்கமானது. அப்படியும் 200 மி.மீ. அகலப் பலகையில் ஈரப்பதம் 5 சதவீதம் ஏறினால், மரத்தை எந்த வாக்கில் அறுத்தார்கள் என்பதைப் பொறுத்து, 2 மி.மீ. வரை அகலம் கூடும்.

அதனால் கதவை ஒரே பலகையில் செய்யாதீர்கள். 45 மி.மீ. அகலச் சட்டங்களை நான்கு பக்கமும் கோத்து, உட்புறம் 8 மி.மீ. ஆழத்துக்குக் காடி (நீளப் பள்ளம்) எடுத்து, நடுப்பலகையை அதற்குள் மிதக்கவிடுங்கள். கதவின் அகலத்தில் விரிவது நிமிர்ந்து நிற்கும் இரண்டு சட்டங்களின் 90 மி.மீ. மட்டும்தான்; அது 1 மி.மீ.கூட வராது. நடுப்பலகைக்கு இரு பக்கமும் காடிக்குள் 2 மி.மீ. இடம் விடவேண்டும். காடியில் பசை தடவினால் அத்தனை வேலையும் வீண், பலகை நடுவில் பிளக்கும். கோப்பதற்கு முன்பே நடுப்பலகைக்கு விளிம்புவரை பூச்சு அடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் கோடையில் அது சுருங்கும்போது காடி ஓரத்தில் பூச்சுப் படாத வெளிர்க்கோடு எட்டிப் பார்க்கும்.

அளவைத் தீர்மானிப்பது தபால். ஏ4 தாள் மடிக்காமல் போகும் உறை 229 × 324 மி.மீ. பெட்டியின் உள் அகலம் 254, ஆழம் 120, பின்பக்க உயரம் 450 இருந்தால் அது நிமிர்ந்து இறங்கும். பக்கப் பலகைகள் 18 மி.மீ. தடிமன், நார் மேலும் கீழுமாக. பின்பக்கத்துக்கு மட்டும் 9 மி.மீ. மரைன் பிளைவுட் போதும். அதன் அடுக்குகள் ஒன்றையொன்று குறுக்கே பிடித்திருப்பதால் விரிவு மிகக் குறைவு. மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தர எண் ஐஎஸ் 710 முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை ஒரு மழைக்காலத்திலேயே அப்பளம்போல் உப்பிவிடும். ரப்பர் மரமும் வெளியில் வைக்க ஆகாது.

தபால் போட தனியாகத் துளை வெட்ட வேண்டாம். முன்பக்கம் கூரைக்கு 35 மி.மீ. கீழேயே நின்றுவிட்டால் அந்த இடைவெளியே வாய். அதன்கீழ் 60 மி.மீ. குறுக்குச் சட்டம், அதற்குக் கீழே கதவு. விறைப்பான உறை பின்பலகையில் முட்டி நிற்கும் என்பதால், உள்ளே வாய்க்கு எதிரே ஒரு மெல்லிய பலகையைச் சாய்வாக வைத்துக் கீழே திருப்பிவிடுங்கள்.

கூரைக்கு 20 பாகைச் சரிவு, முன்னால் 50 மி.மீ. நீட்டல். நீர் விளிம்பில் சொட்டாமல் அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டே உள்ளே ஊர்ந்து வரும். பரப்பு இழுவிசை செய்யும் வேலை இது. விளிம்பிலிருந்து 10 மி.மீ. தள்ளி அடியில் 4 மி.மீ. அகலம், 3 மி.மீ. ஆழத்தில் ஒரு காடி இழுத்தால் நீர் அதைத் தாண்டாமல் அங்கேயே சொட்டிவிடும். கூரையை மேலிருந்து திருகாதீர்கள்; ஒவ்வொரு திருகாணியும் ஒரு கிணறு. உள்ளே சிறு சட்டம் வைத்துக் கீழிருந்து முடுக்குங்கள். முன்வரிசைத் துளைகள் நீள்வட்டமாக இருந்தால் கூரை விரிந்து சுருங்க இடம் கிடைக்கும். உள்ளே புகுந்த நீர் வடிய அடிப்பலகையில் 6 மி.மீ. துளைகள் நான்கு.

திருகாணி, கீல் எல்லாம் பித்தளையோ துருப்பிடிக்காத எஃகோ இருக்கட்டும். சாதா இரும்பு, மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளோடு சேர்ந்து ஈரத்தில் மைபோல் கறுப்பு இழுக்கும். தேக்கிலுள்ள எண்ணெய், பசை ஒட்டுவதையும் கெடுக்கும்; ஒட்டும் முகத்தைத் தின்னரில் துடைத்து, உலர்ந்ததும் தாமதிக்காமல் நீர் தாங்கும் பசையைத் தடவுங்கள்.

செதுக்கு வேலைக்கு ஏற்ற இடம் கதவின் நடுப்பலகைதான். மாங்காயோ கொடியோ, 12 மி.மீ. பலகையில் 3 மி.மீ. ஆழத்துக்குமேல் போகவேண்டாம். ஒவ்வொரு குழியின் கீழ்விளிம்பையும் வெளிப்பக்கம் சாய்த்து வெட்டுங்கள். நேராக வெட்டினால் நீர் தேங்கி அங்கேதான் முதலில் கறுக்கும். கூரைமேல் செதுக்குவது அழகுக்கு ஆசைப்பட்டு அழுகலை அழைப்பது.

வெயில் வேறு விதமாகத் தின்னும். புற ஊதாக் கதிர் சாதாரண வார்னிஷை ஊடுருவி, நார்களைப் பிணைக்கும் லிக்னினைச் சிதைக்கும். பிடிமானம் போன வார்னிஷ் செதிலாக உரியும். வெளிப்புறத்துக்கென்றே விற்கும் புற ஊதாத் தடுப்புப் பூச்சு மூன்று கை அடிக்கலாம். காய்ச்சிய ஆளி எண்ணெய் ஆண்டுக்கொருமுறை தடவுவது இன்னும் சுலபம், சுரண்டவே வேண்டாம். எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பற்றும். விரித்துக் காயவைத்து எறியுங்கள். பலகைகளின் வெட்டுமுகங்களில் குழாய்களின் வாய் திறந்திருப்பதால் அங்கே மட்டும் கூடுதலாக இரண்டு கை.

மாட்டும்போது சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே 10 மி.மீ. கட்டை வையுங்கள். மழை நின்ற பிறகும் சுவர் நாள்கணக்கில் ஈரம் கக்கும். காற்று புகுந்தால்தான் பின்பக்கம் காயும்.