சம்பள வித்தியாசத்தைக் கேட்கப் போகிறீர்களா? தனியாகப் போகாதீர்கள்

வேலூரில் தொழிலாளர் வழக்குகள் நடத்துகிறேன். ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பக்கத்து ஷூ கம்பெனிகளில் இருந்து வரும் பெண்கள் எடுத்தவுடன் சம்பளத்தைப் பற்றிப் பேசுவதில்லை. "நாளையிலிருந்து வர வேண்டாம்னு கேட்லயே சொல்லிட்டாங்க சார்" என்றுதான் தொடங்குவார்கள். அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று கிளறினால்தான் விஷயம் வெளியே வரும். பக்கத்து மிஷினில் அதே தையல் வேலை பார்க்கும் ஆணுக்கு ஆபரேட்டர் சம்பளம், இவருக்கு ஹெல்பர் சம்பளம். ஏன் என்று சூப்பர்வைசரைக் கேட்டிருப்பார்.

சம்பளச் சீட்டில் என்ன பெயர் போட்டாலும், செய்யும் வேலையைத்தான் சட்டம் பார்க்கும். 1976-ன் சம ஊதியச் சட்டம் சொன்னதும் அதுதான். 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு சொல்வதும் அதுதான். மெக்கின்னன் மெக்கன்சி கம்பெனியில் ஸ்டெனோவாக இருந்த ஆட்ரி டிகோஸ்டா இதற்காகப் போராடி 1987-ல் உச்ச நீதிமன்றத்தில் வென்றார். ஆனால் அவர் மனுப் போட்டதே வேலை போன பிறகுதான்.

வேலையில் இருந்துகொண்டே கேட்பவருக்கு என்ன காவல்? ஊதியச் சட்டத்தில் பழிவாங்கலைத் தடுக்கத் தனிப் பிரிவு இல்லை. அது தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பில் இருக்கிறது. தொழிலாளிக்கும் கம்பெனிக்கும் நடுவில் பேசித் தீர்க்கும் அரசு அதிகாரியான சமரச அலுவலர் முன் பேச்சு நடக்கும்போது, அந்தப் பிரச்சினை தொடர்பாக வேலை நிபந்தனைகளைப் பாதகமாக மாற்றக் கூடாது. அதை ஒட்டிக் குற்றம் சுமத்தி நீக்குவதற்கும் எழுத்து மூலமான முன் அனுமதி வேண்டும். தகராறில் புகார் கொடுத்ததற்காக, சாட்சி சொன்னதற்காக நீக்கினால் 10,000 ரூபாயிலிருந்து 2 லட்சம் வரை அபராதம். ஏற்றுமதிக் கம்பெனிக்கு இதெல்லாம் ஒரு தொகையா என்றால், இல்லைதான்.

சிக்கல் என்னவென்றால், இந்தக் காவல் தொழில் தகராறுக்குத்தான்; ஒருவருடைய சம்பளக் குறை மட்டும் தொழில் தகராறு ஆகாது. வேலைநீக்கத்தை ஒருவரே எழுப்பலாம்; சம்பளத்துக்குச் சங்கமோ, கணிசமான தொழிலாளர்களோ சேர வேண்டும். சங்கம் இல்லையா? லைனில் இருக்கும் பெண்கள் சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள். "உனக்கு எதுக்கு இந்த வம்பு" என்று வீட்டில் சொல்லத்தான் செய்வார்கள்.

சூப்பர்வைசரிடம் வாயால் கேட்பதற்கு முன்பே மனுவைச் சமரச அலுவலருக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். புகார் முந்தியதா, நீக்கம் முந்தியதா என்பதற்கு அந்தத் தேதிதான் சாட்சி. சம்பளச் சீட்டுகளைப் போனில் படமெடுத்து வையுங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். ராஜினாமா கடிதம் அப்படித்தான் தயாராகிறது. அப்புறம், பாக்கிச் சம்பளத்துக்கு மனுப் போட 3 வருடம் வரை நேரம் உண்டு. வேலைநீக்கத்துக்கு 2 வருடம்தான்.