நகலிலிருந்து பிறக்கும் வார்ப்புரு

இணையதளங்களை உருவாக்கி நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளில், தளத்தின் தோற்றத்தை அமைக்கும் கோப்புத் தொகுப்பை நடைமுறையில் எல்லோரும் தீம் என்றே சொல்கிறார்கள்; ஆனால் அச்சொல்லோடு ஐ உருபு சேர்ந்தால் ‘தீமை’ என்றாகிவிடுவதால், இங்கே வார்ப்புரு என்றே எழுதுகிறேன்.

2005இல் வெளிவந்த 1.5ஆம் பதிப்பு முதல், வேர்ட்பிரஸ்ஸில் ஒவ்வொரு வார்ப்புருவும் தனிக் கோப்புறையில் இருக்கிறது. நிறம், எழுத்துரு போன்ற தோற்ற விதிகளுக்கென அதிலுள்ள ஸ்டைல்.சிஎஸ்எஸ் கோப்பின் முதல் 8 கிலோபைட்டை மட்டும் படித்து, அங்கே குறிப்புரையாக எழுதப்பட்டுள்ள பெயர், பதிப்பு எண் முதலிய விவரங்களை மென்பொருள் எடுத்துக்கொள்கிறது. ஆகவே கோப்புறையைப் படியெடுத்து, அதன் பெயரையும் குறிப்புரையிலுள்ள பெயரையும் மாற்றிவிட்டால் நிர்வாகப் பக்கத்தில் புதிய வார்ப்புரு ஒன்று தோன்றிவிடும். மூல வார்ப்புரு, எவரும் மாற்றவும் பகிரவும் அனுமதிக்கும் ஜிபிஎல் உரிமத்தில் வெளியானதாக இருந்தால் இதற்குச் சட்டத் தடையும் இல்லை. ஆனால் பழைய வார்ப்புருவில் தேர்ந்தெடுத்திருந்த பின்னணி நிறம் போன்ற அமைப்புகள் புதியதில் காணாமல் போயிருக்கலாம். அவை கோப்புகளில் அல்லாமல், தரவுத்தளத்தில் கோப்புறையின் பெயரோடு சேர்த்துச் சேமிக்கப்படுவதே காரணம்.

முழு நகலின் பெரிய குறை வேறு. மூல வார்ப்புருவை எழுதியவர் பின்னாளில் ஒரு பாதுகாப்புப் பிழையைத் திருத்தினாலும், பெயர் மாறிய நகலுக்கு அத்திருத்தம் தானாக வந்து சேராது. பெயரை மாற்றாமல் மூலக் கோப்புகளிலேயே கை வைத்தாலோ, அடுத்த புதுப்பிப்பு நம் மாற்றங்களை அழித்துவிடும்.

இதற்குத்தான் சைல்ட் தீம் எனப்படும் சேய் வார்ப்புரு இருக்கிறது. அதன் ஸ்டைல்.சிஎஸ்எஸ் கோப்பில் ‘டெம்ப்ளேட்’ என்ற வரியில் தாய் வார்ப்புருவின் கோப்புறைப் பெயரைக் குறிப்பிட்டால், வேர்ட்பிரஸ் ஒவ்வொரு பக்கக் கோப்பையும் முதலில் சேயிடம் தேடி, அங்கே இல்லையென்றால் மட்டும் தாயிடமிருந்து எடுக்கும். அடிப்பகுதியை மாற்ற விரும்புபவர் ஃபுட்டர்.பிஎச்பி கோப்பை மட்டும் படியெடுத்தால் போதும்.

வார்ப்புருவின் செயல்பாடுகளுக்கான நிரலைக் கொண்ட ஃபங்ஷன்ஸ்.பிஎச்பி கோப்பு இவ்விதிக்கு விலக்கு. சேயின் கோப்பு முதலில் ஏற்றப்படும், அதன் பின் தாயினுடையதும் ஏற்றப்படும். இது தெரியாமல் தாயின் கோப்பை அப்படியே சேயில் ஒட்டினால், ஒரே பெயருடைய செயற்கூறு (ஃபங்ஷன் எனப்படும் நிரல் பகுதி) இருமுறை அறிவிக்கப்பட்டுத் தளமே நின்றுபோகும். புதியவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் இதுதான். தாய் வார்ப்புருவை எழுதியவர், அப்பெயர் ஏற்கெனவே உள்ளதா என்று சோதித்த பிறகே அறிவிக்குமாறு நிரலில் அமைத்திருந்தால் மட்டும் இந்த மோதல் நேராது.

சேயில் படியெடுத்து வைத்த ஃபுட்டர் கோப்பும் ஒரு நகல்தான். ஆகையால் தாய் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் அந்த ஒரு கோப்பை மட்டுமாவது புதிய மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கும்.