அறுந்த மைக் வயரும் அதன் செப்புச் சட்டையும்

எங்கள் ஊர்க் கோயில் கொடியேற்றத்தன்று, மேளம் தொடங்க முன்னரே ஒலிபெருக்கிகள் எல்லாம் "ம்ம்ம்" என்று இரையத் தொடங்கிவிட்டன. தவில் மைக்கின் வயர் முதல்நாள் இரவு உழவு இயந்திரச் சில்லுக்குள் அகப்பட்டு அறுந்திருந்தது. மாமா அவசரத்தில் உள்வயர் இரண்டையும் முறுக்கி ரேப் சுற்றி, மேலிருந்த செப்பு வலையையும் ஒரு முறுக்கு முறுக்கி விட்டிருந்தார். தவில் கேட்டது. இரைச்சலும் கூடவே கேட்டது.

மைக் தருவது சில மில்லிவோல்ற் மட்டுமே. பந்தல் லைற்றுக்குப் போகும் வயரில் இருப்பது 230 வோல்ற், கிட்டத்தட்ட ஒரு லட்சம் மடங்கு. அதைச் சுற்றியுள்ள மின்புலம் செக்கனுக்கு 50 தடவை ஊசலாடுகிறது. அதில் ஒரு துளி உள்வயரில் ஏறினாலும் பெருக்கி (அம்பிளிஃபயர்) அதையும் சேர்த்தே பெருக்கிவிடும். கடகம் பின்னியதுபோல உள்வயர்களைச் சுற்றியிருக்கும் செப்பு வலை அந்தத் துளியைத் தான் வாங்கி நிலத்துக்கு விடுகிறது. 1836 இல் ஆங்கிலேய விஞ்ஞானி மைக்கேல் ஃபரடே உலோகக் கூட்டுக்குள் இருந்து காட்டியதும் இதைத்தான். வலை அரைகுறையாகத் தொட்டால் வாங்கியது போக வழியில்லை.

காந்தப்புலத்தின் கதை வேறு. 50 ஹேர்ட்ஸில் மெல்லிய செப்பு வலை அதைத் தடுக்காது. அதற்காகத்தான் உள்வயர் இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கி வைத்திருக்கிறார்கள். இரண்டிலும் ஒரே அளவு ஏறும். பெருக்கி வித்தியாசத்தை மட்டும் எடுக்கும்போது ஏறியது கழிந்துவிடும். ஆகவே பொருத்தும்போது இந்த முறுக்கைத் தேவைக்கு மேல் அவிழ்க்கக் கூடாது.

கையால் முறுக்கிய பொருத்தில் இழைகள் அங்கங்கே புள்ளிகளாகத்தான் தொடுகின்றன. இடையில் காற்றுப் புகும். யாழ்ப்பாணத்தில் எந்த ஊரில் நின்றாலும் கடல் தூரமில்லை. உப்பும் ஈரமும் சேர்ந்து செப்பைப் பச்சையாக்கிவிடும். நசுக்கிப் பொருத்தும் கிரிம்பிங் குறடு இந்த இடைவெளியையே இல்லாமல் செய்கிறது. வெள்ளீயம் பூசிய செப்புக் குழாய்க்குள் இழைகளை விட்டு நசுக்கும்போது, உலோகம் பிசைந்த களிமண்போல வழிந்து புது உருவம் எடுக்கிறது. மேலிருந்த ஒக்சைட்டுப் படலம் உரசி உடைய, வெறும் உலோகத்தோடு வெறும் உலோகம் அமர்கிறது. நல்ல பொருத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் வட்டமாயிருந்த இழைகள் தேன்கூட்டு அறைகள்போல நெருங்கியிருக்கும். எவ்வளவு வடிவான காட்சி!

குறைவாக நசுக்கினால் இடைவெளி மிஞ்சும். கூடினால் இழைகள் மெலிந்து அறும். நல்ல குறட்டில் உள்ள பற்பூட்டு, முழு அளவும் அழுத்தி முடியும்வரை வாயைத் திறக்க விடாது. அதற்காகக் கூடுதல் காசு கொடுக்கலாம் என்பேன். குழாயின் அளவும் முக்கியம். கடைகளில் கிடைக்கும் சிவப்புக் குழாய் 0.5 முதல் 1.5 சதுர மில்லிமீற்றர் வயருக்கானது. மைக் உள்வயரோ பெரும்பாலும் 0.22 தான், அதற்குள் ஆடும். இழைகளுக்கு ஈயம் வைத்துவிட்டு நசுக்குவதும் பிழை. ஈயம் மெல்ல மெல்ல விலகிக் கொடுக்க, பிடி தளர்ந்துவிடும்.

வேலையைத் தொடங்க முன், சூடு காட்டினால் சுருங்கும் குழாய்களையும், வலைக்கான வளையங்களையும், ஒரு துண்டுச் செப்பு வலையையும் வயரில் கோத்துவிட வேண்டும். மறந்தால், பொருத்திய பிறகு அவற்றை உள்ளே விட வழியில்லை. உள்வயர்ப் பொருத்துகள் இரண்டும் ஒரே இடத்தில் வராமல் சற்றுத் தள்ளித் தள்ளி வரட்டும், முடிச்சுப்போலத் தடிக்காது. அவற்றைத் தனித்தனியே மூடிய பின் வலைத் துண்டை மேலே இழுத்து, இரு முனையிலும் வயரின் சொந்த வலையோடு சேர்க்க வேண்டும். இங்கே இரண்டு வளையங்கள் தேவை: ஒன்று வலைக்குக் கீழே, மற்றது மேலே. கீழ்வளையம் இல்லாவிட்டால் குறட்டின் அழுத்தம் முழுவதும் பிளாஸ்ரிக் உறையில் விழும். பிளாஸ்ரிக் நாளடைவில் நசிந்து கொடுக்க, வலை தளர்ந்து பழைய இரைச்சல் திரும்பும்.

கடைசியாக, உள்ளே பசையுள்ள சுருங்கு குழாயால் எல்லாவற்றையும் மூடி, மல்டிமீற்றரை வலையின் இரு முனைகளிலும் வைத்துக்கொண்டு பொருத்தை வளைத்துப் பார்க்க வேண்டும். முள் ஆடினால் வெட்டிவிட்டுத் திரும்பப் பொருத்த வேண்டியதுதான். மாமாவின் வயரை நாங்கள் இப்படித்தான் பொருத்தினோம். தேரன்று தவில் மட்டும் கேட்டது.