போன வாரத்து விலைப்பட்டியல், இந்த வாரத்து முத்திரை

கோத்தகிரி பக்கத்துப் பள்ளியிலிருந்து கணினி ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஆய்வகத்தில் 20 லினக்ஸ் கணினிகள். மழை வந்தால் இணையம் படுத்துவிடும் என்று நடுவில் ஸ்குவிட் ப்ராக்ஸி (ஒரு தடவை இறங்கிய கோப்பைச் சேமித்து வைத்து மற்றக் கணினிகளுக்கும் கொடுக்கும் இடைச் சர்வர்) வைத்தோம். இப்போது அப்டேட் கொடுத்தால் 'பேட்சிக்', கையொப்பம் தவறு என்கிறது. யாராவது ஹேக் செய்துவிட்டார்களா? ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம் எல்லாம் வைத்தோமே!"

ஹேக் இல்லை மேடம். குங்குமத்துக்கும் இதில் வேலையில்லை.

அப்டேட் சர்வரில் 'ரிலீஸ்' என்று ஒரு பட்டியல் கோப்பு இருக்கும். அதற்கான டிஜிட்டல் கையொப்பம் 'ரிலீஸ்.ஜிபிஜி' என்ற தனிக் கோப்பு. பட்டியலில் ஓர் எழுத்து மாறினாலும் கையொப்பம் பொருந்தாது. இது பலருக்கும் தெரிந்ததுதான். எனக்குப் பிடித்த இடம் ப்ராக்ஸியின் ஊகம்.

ஒரு கோப்பு எத்தனை நாள் செல்லும் என்று சர்வர் சொல்லாவிட்டால் ஸ்குவிட் தானே கணக்குப் போடும். வாங்கும்போது அந்தக் கோப்பு எத்தனை நாளாக மாறாமல் இருந்ததோ, அதில் 20 சதவீதக் காலம் இனியும் மாறாது என்று நம்பும். 10 நாள் மாறாமல் இருந்தால் இன்னும் 2 நாள். உச்சவரம்பு 4320 நிமிடம், அதாவது 3 நாள். வயதானவர் சட்டென்று குணம் மாறமாட்டார் என்பது போன்ற கணக்கு. பெரும்பாலும் பலிக்கவும் செய்கிறது!

இப்போது உங்கள் ஊர் மழையைச் சேர்த்துப் பாருங்கள். திங்கட்கிழமை 'ரிலீஸ்' இறங்கியது. கையொப்பம் இறங்குவதற்குள் லைன் போய்விட்டது. செவ்வாய்க்கிழமை சர்வரில் இரண்டு கோப்புகளும் மாறின. புதன்கிழமை ப்ராக்ஸி பட்டியலைத் தன் கிடங்கிலிருந்து எடுத்தது, கையொப்பத்தைச் சர்வரிலிருந்து வாங்கியது. குன்னூர் தேயிலை ஏலத்தின் போன வார விலைப்பட்டியலில் இந்த வார முத்திரையைக் குத்திய மாதிரி. இரண்டுமே அசல்தான், ஜோடிதான் தப்பு.

பட்டியலையும் கையொப்பத்தையும் ஒரே கோப்பில் வைத்த 'இன்ரிலீஸ்' இந்தச் சிக்கலுக்கு நல்ல தீர்வு. ஆனால் சில சிறு மென்பொருள் களஞ்சியங்களில் இன்னும் பழைய ஜோடிதான்.

உண்மையில் அப்டேட்களை இறக்கும் நிரலான 'ஏப்டி' பட்டியலைக் கேட்கும்போதே, சர்வரிடம் சரிபார்த்துக் கொடு என்றுதான் கேட்கும். டேட்டா மிச்சம் பிடிக்க, அந்த வேண்டுகோளைப் பொருட்படுத்தாதே என்று ப்ராக்ஸியில் யாரோ விதி எழுதியிருப்பார்கள். அதை முதலில் தேடுங்கள். ஒரு கணினியை மட்டும் செல்பேசி ஹாட்ஸ்பாட்டில் இணைத்து அப்டேட் கொடுங்கள். அங்கே ஓடினால் குற்றவாளி ப்ராக்ஸிதான். பிறகு 'ரிலீஸ்', 'இன்ரிலீஸ்', 'ஜிபிஜி' கோப்புகளை ஒவ்வொரு தடவையும் சர்வரிடம் சரிபார்க்கச் சொல்லி விதியை மாற்றி, கணினிகளில் சேர்ந்திருக்கும் பழைய பட்டியல்களை அழித்துவிடுங்கள். மென்பொருள் பொதிகளான 'டெப்' கோப்புகளைத் தொடவேண்டாம். பெயரிலேயே பதிப்பு எண் இருப்பதால் அவை கிடங்கில் மாதக்கணக்கில் கிடக்கலாம். டேட்டா மிச்சமாவதும் அவற்றால்தான்.

கையொப்பச் சோதனையையே அணைத்துவிடு என்று சிலர் யோசனை சொல்வார்கள். திருஷ்டிக்கு எலுமிச்சம்பழம் கட்டுவதாவது ஆபத்தில்லாத பரிகாரம். இது கதவைக் கழற்றி வைப்பது.

எல்லாம் செய்தும் ஒரே ஒரு கணினி மட்டும் முரண்டு பிடித்தால் அதன் கடிகாரத்தைப் பாருங்கள். மதர்போர்டு பேட்டரி தீர்ந்து தேதி சில வருடம் பின்னால் போயிருந்தால், நேற்றுப் போட்ட கையொப்பம் அதற்கு எதிர்காலத்தில் போட்டது.